விமானத்துக்கும் வேலி உண்டு

கிள்ளானில் எங்கள் பெரியம்மா வீட்டுத் தீபாவளி என்றால் அங்கே ஒரு கேள்வி நிச்சயம் எழும். பெரியம்மாவின் மூத்த மகன் துணை விமானி. உள்நாட்டுப் பாதைகளில் காத்தாடி விமானம் ஓட்டுகிறார். முறுக்கைக் கடித்தபடி ஒரு மாமாவோ சித்தப்பாவோ கேட்டுவிடுவார்: "என்னப்பா, எப்ப பெரிய பிளேன் ஓட்டப் போற?" அண்ணன் சிரித்து மழுப்புவார். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்கும் பெரியம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வராது. அண்ணனின் பயிற்சிக்காக வீட்டை அடகு வைத்தது தமக்கும் வங்கிக்கும்தான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

சென்ற தீபாவளியன்று அண்ணன் மழுப்பவில்லை. "மாமா, அமெரிக்காவுல எழுபது சீட்டு பிளேன்ல இருபது சீட்டக் கழட்டிட்டு ஓட்டுறாங்க. ஆள் இல்லாம இல்ல. அம்பதுக்கு மேல ஏத்தினா ஒப்பந்தத்த மீறினதா ஆயிடும். நீங்க கேக்குற கேள்விக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு லா," என்றார். மாமா அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு அதிரசத்துக்குப் போய்விட்டார். எனக்கு மனம் ஆறவில்லை. இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு விமானம் ஓட்டுகிற வியாபாரி உலகில் உண்டா?

நான் பொருளாதாரம் படிக்கும் இறுதியாண்டு மாணவி. 'உன் துறையிலிருந்து ஏதாவது எழுது' என்று இவ்வாண்டிதழின் ஆசிரியர் குழு கேட்டபோது இந்த இருபது இருக்கைகள்தாம் நினைவுக்கு வந்தன. ஒரு சிக்கல் இருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிறகு நான் போனது தேசிய இடைநிலைப்பள்ளிக்கு. தொழிலாளர் சட்டம், கூட்டு ஒப்பந்தம் போன்றவற்றை மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் படித்திருக்கிறேன். தமிழில் சொல்லத் தொடங்கியதும், காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டிய என் தாத்தாவின் சொற்கள்தாம் கைகொடுத்தன. அவற்றையே இக்கட்டுரையில் பயன்படுத்துகிறேன்.

முதலில் அந்த விமானம். 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் சி.ஆர்.ஜே. 550 என்ற பெயரில் ஒரு விமானத்தை அறிவித்தது. உண்மையில் அது புதிய விமானமன்று. 70 பேர் அமரக்கூடிய சி.ஆர்.ஜே. 700 விமானத்தில் இருக்கைகளைக் குறைத்து, 50 இருக்கை விமானம் என்று சான்றிதழும் வாங்கினார்கள். மிஞ்சிய இடத்தில் முதல் வகுப்பு இருக்கைகள் பத்து வந்தன. பெட்டி வைக்க அலமாரி வந்தது. பயணிகள் தாமே எடுத்துக்கொள்ளச் சிற்றுண்டி மேடையும் வந்தது. பயணிகள் இதை ஒரு வசதியாகத்தான் பார்த்தார்கள். அதற்குப் பின்னால் இருந்தது விமானிகளின் ஒப்பந்தத்தில் உள்ள ஓர் எண்.

அமெரிக்காவின் சிறு நகரங்களுக்கு நீங்கள் யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் ஆகியவற்றில் டிக்கெட் வாங்கினால், பெரும்பாலும் நீங்கள் ஏறும் விமானத்தை ஓட்டுபவர் அந்த நிறுவனத்தின் ஊழியராக இருக்கமாட்டார். விமானத்தின் வாலில் யுனைடெட் வண்ணம் இருக்கும். பயண அட்டையிலும் யுனைடெட் எண்தான். ஆனால் விமானிக்குச் சம்பளம் தருவது ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் போன்ற வேறொரு நிறுவனம். இவற்றைப் பிராந்திய நிறுவனங்கள் என்கிறார்கள். பெரிய நிறுவனம் பாதையையும் நேரத்தையும் விலையையும் முடிவு செய்கிறது. பிராந்திய நிறுவனம் ஓட்டித் தந்துவிட்டுக் கூலி வாங்கிக்கொள்கிறது.

தாத்தாவின் மொழியில் சொன்னால், தோட்டத்து ஆள், காண்டிராக்ட் ஆள் என்ற பிரிவுதான் இது. காலையில் பெரட்டில் நின்று, செக்ரோலில் பேர் இருந்து, தோட்ட நிர்வாகத்திடமே சம்பளம் வாங்குபவர் தோட்டத்து ஆள். அதே மரத்தை வெட்டி, அதே புல்லைச் செதுக்கி, இடையில் உள்ள குத்தகைக்காரரிடம் காசு வாங்குபவர் காண்டிராக்ட் ஆள். பால் ஒன்றுதான், கூலி இரண்டு. செக்ரோலில் உள்ளவர்களுக்குத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பேசி வாங்கித் தந்த கூலி இருந்தது. நிர்வாகம் காண்டிராக்ட் ஆட்களைக் கூட்டக் கூட்ட அந்தக் கூலிக்கு அர்த்தம் குறைந்துகொண்டே போனதாகத் தாத்தா சொல்வார்.

அமெரிக்க விமானிகள் இதை முன்கூட்டியே உணர்ந்தவர்கள். அவர்களுடைய கூட்டு ஒப்பந்தத்தின் முதல் பிரிவு சம்பளத்தைப் பற்றியதாக இருக்காது. அது 'ஸ்கோப்' எனப்படும் எல்லைப் பிரிவு. அதன் சாரம் இதுதான்: இந்த நிறுவனத்தின் பெயரில் நடக்கும் எல்லாப் பறத்தலும் இந்நிறுவனத்தின் மூப்புப் பட்டியலில் உள்ள விமானிகளுக்கே உரியது. அதன் பிறகுதான் விதிவிலக்குகள் வருகின்றன. இத்தனை இருக்கைக்கும் இத்தனை எடைக்கும் உட்பட்ட விமானத்தை, இத்தனை எண்ணிக்கை வரை, வெளியாரிடம் ஓட்டத் தரலாம். பிராந்திய நிறுவனங்கள் என்ற பெருந்தொழில் முழுவதும் இந்த விதிவிலக்குக்குள்தான் வாழ்கிறது. இன்று மூன்று பெரிய நிறுவனங்களிலும் மேல்வரம்பு 76 இருக்கைகள், 86,000 பவுண்டு எடை, அதாவது ஏறக்குறைய 39 டன். அதற்குள்ளும் 76 இருக்கையில் இத்தனை, 70 இருக்கையில் இத்தனை, 50 இருக்கையில் இத்தனை என்று தனித்தனிக் கணக்குகள் உண்டு. யுனைடெட்டுக்கு மேல்தட்டில் இடம் நிரம்பிவிட்டது. அதனால்தான் இருபது இருக்கைகள் கழன்றன.

மூப்புப் பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை விளங்கிக்கொள்ளாமல் விமானிகளின் பிடிவாதம் விளங்காது. வேலைக்குச் சேர்ந்த நாளின்படி ஒவ்வொரு விமானிக்கும் ஓர் எண் உண்டு. எந்த விமானம், எந்த ஊர், எந்த மாதம் விடுப்பு, கேப்டன் பதவி எப்போது, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் என்பதை அந்த எண்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இருபதாண்டு அனுபவமுள்ள கேப்டன் வேறு நிறுவனத்துக்கு மாறினால், அங்கே பட்டியலின் அடியில் துணை விமானியாக உட்கார வேண்டும். ஒரு கணக்காளர் நிறுவனம் பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம். விமானிக்கு அப்படிப் போவதென்றால் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டுப் போவதாகும். போகமுடியாதவர்கள் இருக்கிற இடத்துக்கு வேலி போடுகிறார்கள்.

இந்த ஒப்பந்தங்களை ஆளும் சட்டத்தின் பெயரைக் கேட்டால் பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் மகிழ்வார்கள். அது 1926ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டம். 1936இல் அதை விமானத் துறைக்கும் நீட்டினார்கள். இன்றும் அமெரிக்க விமானிகள் ரயில்காரர்களின் சட்டத்தின்கீழ்தான் பேரம் பேசுகிறார்கள். அண்ணன் இதை எனக்கு விளக்கியதும் பிரிக்பீல்ட்ஸில்தான். ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், கைதுடைக்கும் தாளில் கோடு போட்டுக் காட்டினார். ரயில்வே குடியிருப்புகள் இருந்த தெருக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விமானச் சட்டம் பேசுகிறோமே என்று எனக்குத் தோன்றியது. அண்ணனுக்கு ரசம் ஆறிப்போகும் கவலை.

இந்த வேலி முதலில் எப்படி வந்தது? 1978இல் அமெரிக்க அரசு விமானத் துறையின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. நிறுவனங்கள் பெரிய நகரங்களை மையங்களாக்கின. சிறு நகரப் பயணிகளை அம்மையங்களுக்குக் கொண்டுவந்து சேர்க்கச் சிறிய நிறுவனங்களை அமர்த்தின. அப்போது அவை ஓட்டியவை காத்தாடி விமானங்கள். பெரிய நிறுவன விமானிகள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் கண்ணில் அது தமக்குரிய வேலையே அன்று. 1993இல் காம்ஏர் என்ற பிராந்திய நிறுவனம் 50 இருக்கை ஜெட் விமானத்தை ஓட்டத் தொடங்கியதும் நிலைமை மாறியது. காத்தாடி போகமுடியாத தூரத்துக்கு அது போனது. பெரிய விமானத்தின் பாதைகளையே தொட்டது. ஆனால் அதை ஓட்டியவரின் சம்பளம் காத்தாடிக் காலத்துச் சம்பளம்.

1997 பிப்ரவரி 15 நள்ளிரவு கடந்ததும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். தகராறின் மையத்தில் இருந்தவற்றுள் ஒன்று, புதிய சிறு ஜெட்டுகளை யார் ஓட்டுவது என்பது. சில நிமிடங்களிலேயே அதிபர் கிளின்டன் தலையிட்டு நிறுத்திவிட்டார். அவ்வளவு விரைவில் முடிந்த போராட்டத்தை வரலாற்றில் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆனால் அதன் முடிவில் ஒன்று கிடைத்தது. சிறு ஜெட்டுகள் பிராந்திய நிறுவனத்திடமே இருந்தன, அவற்றுக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது. அங்குள்ள விமானிகள் வரிசைப்படி தாய் நிறுவனத்துக்கு ஏறிச்செல்ல ஒரு படிக்கட்டும் எழுத்தில் வந்தது. இந்தப் படிக்கட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் கதை வேறு. 2001 மார்ச்சில் காம்ஏர் விமானிகள் 89 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது, ஜெட் விமானிக்குரிய சம்பளம். ஓரளவு வென்றார்கள். அதே ஆண்டில் பிராந்திய விமானிகள் சிலர் தம் சொந்தச் சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். பெரிய நிறுவன விமானிகளுக்கும் இவர்களுக்கும் ஒரே சங்கம், 1931இல் தோன்றிய விமானிகள் சங்கம். 'எங்களிடமும் சந்தா வாங்கிக்கொண்டு, எங்கள் விமானத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறாயே' என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் தப்பிருப்பதாகத் தோன்றவில்லை. செக்ரோல் ஆளின் கூலியைக் காக்கக் காண்டிராக்ட் ஆளின் கையைக் கட்டுவது ஒரு சங்கத்தின் வேலையா, அல்லது இருவரையும் ஒரே பெரட்டில் நிறுத்துவது அதன் வேலையா? 2012இல் காம்ஏர் மூடப்பட்டது.

வேலி கல்லால் கட்டியதன்று. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்தன. 2002இல் யுனைடெட், 2005இல் டெல்டா, 2011இல் அமெரிக்கன். திவால் நீதிமன்றத்தில் நின்றுகொண்டு பேரம் பேசும்போது விமானிகளால் எதையும் இறுகப் பிடிக்க முடியவில்லை. 50 என்பது 70 ஆனது, பிறகு 76 ஆனது. அத்துடன் நின்றுவிட்டது. நல்ல காலம் திரும்பியபோது சங்கங்கள் மறுபடியும் இறுக்கிக்கொண்டன.

அந்த இறுக்கத்தின் விளைவு தொழிற்சாலைகள் வரை போயிருக்கிறது. பிரேசிலின் எம்ப்ராயர் நிறுவனம் 2013இல் இ175-இ2 என்ற புதிய விமானத்தை அறிவித்தது. எரிபொருள் குறைவாகக் குடிக்கும் புதிய இயந்திரம். ஆனால் அந்த இயந்திரம் கனமானது. புறப்படும் எடை 44 டன்னைத் தாண்டிவிட்டது. ஒப்பந்தம் 39 டன்னில் நிற்கிறது. காலப்போக்கில் வரம்பு தளரும் என்று எம்ப்ராயர் நம்பியது, தளரவில்லை. 2019 டிசம்பரில் அந்த விமானம் முதன்முதலாகப் பறந்தது. பிறகு திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. அமெரிக்க நிறுவனங்கள் இன்னும் பழைய, கூடுதல் எரிபொருள் குடிக்கும் இ175 விமானத்தையே புதிதாக வாங்கிக்கொண்டிருக்கின்றன. ஜப்பானின் மிட்சுபிஷியும் இதே சுவரில் மோதியது. அதன் முதல் வடிவம் எடை வரம்புக்குள் அடங்கவில்லை. அடங்கும்படி இன்னொன்றை வரையத் தொடங்கினார்கள். வேறு பல சிக்கல்களும் சேர, 2023 பிப்ரவரியில் திட்டத்தையே கைவிட்டார்கள். சுற்றுச்சூழலை நேசிக்கும் நண்பர்களுக்கு இது கசக்கும். எனக்கும் கசந்தது.

இன்னொரு செய்தியையும் தாண்டிச் செல்ல முடியவில்லை. 2009 பிப்ரவரி 12 இரவு நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரருகே ஒரு காத்தாடி விமானம் ஒரு வீட்டின்மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தார்கள். டிக்கெட்டில் இருந்த பெயர் கான்டினென்டல். ஓட்டியது கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனம். கான்டினென்டல் விமானிகளின் ஒப்பந்தம் வெளியார் ஓட்டும் ஜெட்டுகளை 50 இருக்கையில் நிறுத்தியிருந்தது. காத்தாடிகளுக்கு அந்த வரம்பு இல்லை. அதனால் 74 இருக்கைக் காத்தாடி ஒன்று அந்தச் சந்து வழியாக உள்ளே வந்தது. விசாரணையில் துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 16,000 டாலர் என்று வெளிவந்தது. பெற்றோர் வீட்டிலிருந்து நாட்டின் குறுக்கே இரவெல்லாம் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். விபத்துக்கு ஒப்பந்தம் காரணம் என்று நான் சொல்லவில்லை. விசாரணை சுட்டியது, வேகம் குறைந்து விமானம் தளர்ந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதை. ஆனால் களைப்பும் பயிற்சியும் சம்பளமும் அதன்பிறகுதான் நாடு முழுக்கப் பேசப்பட்டன. 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணிநேரப் பறத்தல் கட்டாயமானது. ஆள் கிடைப்பது அரிதானபோது பிராந்திய விமானிகளின் சம்பளமும் ஏறியது. வேலிக்கு வெளியே இருந்தவர்களின் சம்பளத்தைக் கடைசியில் ஏற்றியது சங்கத்தைவிட ஆள் பற்றாக்குறைதான் என்பது என் கணிப்பு.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். மலேசிய விமானிகள் சங்கம் இப்படியோர் எல்லைப் பிரிவைக் கேட்க முடியுமா? சட்டப் புத்தகத்தைத் திறந்தபோது பதில் ஒரே உட்பிரிவில் இருந்தது. 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 13(3). ஒரு தொழிற்சங்கம் கூட்டு ஒப்பந்தத்துக்கான தன் கோரிக்கையில் சேர்க்கக்கூடாதவை என்று அது சிலவற்றைச் சொல்கிறது. பதவி உயர்வு, இடமாற்றம், காலியிடத்துக்கு ஆள் எடுப்பது, ஆட்குறைப்பு, பணிநீக்கமும் மறுசேர்ப்பும், வேலையைப் பகிர்ந்தளிப்பது. இவை நிர்வாகத்தின் உரிமைகள். எந்த வேலையை யாருக்குத் தருவது என்பதுதான் அமெரிக்க ஒப்பந்தத்தின் முதல் பிரிவே. இங்கே அதைப் பேச்சுமேசையில் வைக்கவே வழியில்லை. 2021 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம், இவற்றைப் பற்றிப் பொதுவான கேள்விகளைச் சங்கம் எழுப்பலாம் என்று கதவைச் சற்றே திறந்திருக்கிறது. பொதுவான கேள்வி என்பது 76 இருக்கை என்று எண் எழுதுவதாகாது.

சட்டத்துக்கு அப்பாலும் நம்மிடம் ஒரு நினைவு இருக்கிறது. 1979இல் மாஸ் ஊழியர் தகராறின்போது தொழிற்சங்கத்தினர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார்கள். அவர்களின் சங்கத்தின் பதிவு ரத்தானது. அடுத்த ஆண்டே தொழிலாளர் சட்டங்கள் மேலும் இறுக்கப்பட்டன. எங்கள் கிள்ளானுக்கு இன்னும் பழைய நினைவு ஒன்று உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒரே வேலைக்கு இரண்டு கூலி ஏன் என்பதுதான் அன்றைய கேள்வியும்.

சங்கம் வேலி போடாததால் இங்கே வேலியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சங்கம் போடாததை அரசாங்கம் போட்டது. 1965இல் திறந்த சுபாங் விமான நிலையம், 1998இல் கே.எல்.ஐ.ஏ. வந்ததும் வெறிச்சோடியது. ஏர்ஆசியா அதைத் தன் தளமாகக் கேட்டது, கிடைக்கவில்லை. அதற்காக 2006 மார்ச்சில் செப்பாங்கில் மலிவுக் கட்டண முனையம் திறக்கப்பட்டது. 2007இல் மாஸின் துணை நிறுவனமான ஃபயர்ஃப்ளை சுபாங்கில் இறங்கியது. நிபந்தனை ஒன்று: பயணிகள் சேவைக்குக் காத்தாடி மட்டும், ஜெட் கூடாது. புதிய நிலையத்தின் கூட்டத்தைப் பழையது இழுத்துக்கொள்ளக் கூடாது என்பது நோக்கம். கான்டினென்டல் ஒப்பந்தத்தில் இருந்த அதே கோடுதான், காத்தாடி ஒருபுறம், ஜெட் மறுபுறம். அங்கே கோடு கிழித்தவர்கள் விமானிகள், இங்கே அமைச்சு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏ.டி.ஆர். 72 விமானம் இவ்வளவு பழகிப்போனதற்கு அந்தக் கோடுதான் காரணம். எங்கள் அண்ணனைப் போன்றவர்களுக்கு வேலை உண்டாக்கியதும் அதுதான். 2024 ஆகஸ்டில் சுபாங்கில் மீண்டும் ஜெட் சேவை தொடங்கியது.

வேலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவது இங்கே எவ்வளவு எளிது என்பதற்கு 2006ஐப் பார்க்க வேண்டும். உள்நாட்டுப் பாதைகள் மாஸுக்கும் ஏர்ஆசியாவுக்கும் பிரிக்கப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டு 1ஆம் தேதி சபா, சரவாக் உட்புறச் சேவைகள் ஃபேக்ஸ் என்ற புதிய நிறுவனத்திடம் போயின. பதினான்கே மாதம். 2007 அக்டோபர் 1ஆம் தேதி அவை மாஸின் புதிய துணை நிறுவனமான மாஸ்விங்ஸிடம் திரும்பி வந்தன. (அந்த ஃபேக்ஸ்தான் பின்னாளில் ஏர்ஆசியா எக்ஸ் என்று பெயர் மாறித் தொலைதூரப் பெருவிமானம் ஓட்டியது. நம் நாட்டில் சின்ன விமானத்திலிருந்து பெரிய விமானத்துக்கு ஏறியது விமானியைவிட நிறுவனம்தான் விரைவாக.) 2011 தொடக்கத்தில் ஃபயர்ஃப்ளை போயிங் 737 ஜெட்டுகளைச் சபா, சரவாக்குக்கு ஓட்டத் தொடங்கியது. ஆகஸ்டில் மாஸும் ஏர்ஆசியாவும் பங்குகளை மாற்றிக்கொண்டன. ஆண்டு முடிவதற்குள் அந்த ஜெட் சேவை நின்றது. மாஸ் தொழிற்சங்கங்கள் எதிர்த்த அந்தப் பங்கு மாற்றம் 2012 மேயில் கைவிடப்பட்டது. ஃபயர்ஃப்ளை மறுபடியும் ஜெட் ஓட்ட 2022 ஆயிற்று. 2015 செப்டம்பரில் பழைய மாஸ் புதிய நிறுவனமானபோது ஏறக்குறைய 6,000 வேலைகள் போயின. இத்தனை மாற்றங்களும் அமெரிக்காவில் நடந்திருந்தால், முதல் பிரிவைத் திறந்து விமானிகளின் சம்மதம் வாங்காமல் நகர்ந்திருக்காது.

மற்ற நாடுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் குவான்டாஸ் விமானிகள், குவான்டாஸ் எண்ணில் பறக்கும் விமானத்தை ஓட்டுபவருக்குக் குவான்டாஸ் சம்பளமே வேண்டும் என்று 2011இல் கேட்டார்கள். மலிவுத் துணை நிறுவனமான ஜெட்ஸ்டார்தான் அவர்களின் அச்சம். நிர்வாகம் அக்டோபர் 29ஆம் தேதி விமானங்கள் அனைத்தையும் தரையிறக்கியது. பின்னர் நடுவர் தீர்ப்பிலும் அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. இந்தியாவில் 2012இல் ஏர் இந்தியா விமானிகளில் ஒரு பிரிவினர் 58 நாள் வேலைக்குப் போகவில்லை. 2007இல் இணைந்த இரண்டு நிறுவனங்களின் விமானிகளில் புதிய டிரீம்லைனரை யார் ஓட்டுவது என்பதே சண்டை. எங்கே போனாலும் விமானிகள் சண்டையிடுவது சம்பளத்துக்கு முன்னால் வரிசைக்காகத்தான்.

இத்தனையும் படித்துவிட்டு அண்ணனிடம் கேட்டேன். "உங்களுக்கு எது நல்லதுண்ணே? அவுங்க மாதிரி வேலியா, நம்ம மாதிரி வெளியா?" அவர் யாரையும் குறை சொல்பவரல்லர். கொஞ்ச நேரம் மோர்மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அமெரிக்காவுல பொறந்திருந்தா நான் வேலிக்கு வெளியதான் இருந்திருப்பேன் தங்கச்சி. சம்பளம் கம்மியா இருந்திருக்கும். ஆனா எந்த ஏணியில ஏறணும், எனக்கு முன்னால எத்தன பேருன்னு தெரிஞ்சிருக்கும். இங்க எனக்கு அது தெரியாது. ஒரு நாள் விளம்பரம் வரும், பரீட்சை எழுதணும், மறுபடியும் அடியில உட்காரணும். அம்மாகிட்ட எந்த வருசம்னு சொல்ல முடியல, அதான் எனக்கு."

நான் முதலில் அவர் பக்கம்தான் நின்றேன், வேலி வேண்டாம் என்று. கணக்குப் போட்டுப் பார்த்தபோது மனம் பாதி மாறியது. வேலி இல்லாதிருந்தால் அமெரிக்காவில் 100 இருக்கையும் 150 இருக்கையும்கூடக் குத்தகைக்குப் போயிருக்கும். அப்போது ஏறிப்போய்ச் சேர மேலே நல்ல வேலையே மிஞ்சியிருக்காது. தாத்தாவின் தோட்டத்தில் நடந்தது அதுதான். காண்டிராக்ட் ஆள் செக்ரோலில் பேர் வாங்கக் காத்திருந்தார், செக்ரோலே சுருங்கிப்போனது. மாறாத மறுபாதி, 1997இல் எழுதப்பட்ட அந்தப் படிக்கட்டில் நிற்கிறது. 76 என்ற எண்ணைவிட அதைத்தான் நான் நம் நாட்டுக்குக் கேட்பேன். ஒரே குழுமத்தின் காத்தாடி விமானி, அதே குழுமத்தின் ஜெட்டுக்குத் தன் மூப்புடன் ஏறுவது. 13(3) தடுப்பது சங்கம் அதைப் பேரத்தில் கேட்பதைத்தான். நிர்வாகம் தானாக எழுதித் தருவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

கடைக்காரர் இலையை மடிக்கச் சொல்லி ஜாடை காட்டினார். வெளியே வரிசை நின்றது. அண்ணனுக்கு மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குச் சுபாங்கில் பதிய வேண்டும். கே.எல். சென்ட்ரல் வரை நடந்தோம். கிள்ளான் ரயிலில் ஏறுமுன் என்னிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். கட்டுரை அச்சானதும் ஒரு படி பெரியம்மாவுக்குக் கொடுக்க வேண்டுமாம். அவருக்குத் தமிழில் படித்தால்தான் புரியும்.